கொன்றவன் ஒருவன், வழிவிட்டவர் யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



இன்று நாம் பேசப் போவது கடல் கடந்த தேசத்தில் நடந்த சம்பவம். லண்டன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் பெல்தம் என்று ஓர் இடம். அங்கே வாலிபக் கைதிகளுக்கென்று ஒரு ஜெயில் இருக்கிறது. அந்த ஜெயிலில் ஒரு பையன் செத்தான். லண்டன் ஜெயிலில் ஒருவன் செத்ததற்கு நம் ஊரில் என்ன கூட்டம் என்று சிலர் நினைக்கலாம். முழுவதையும் கேளுங்கள். கேட்ட பிறகு, இது நமக்குச் சம்பந்தம் இல்லாத கதைதானா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஜாஹித் முபாரக் என்பது அந்த வாலிபனின் பெயர். வயது 19. லண்டனில் வால்தம்ஸ்டோ என்னும் பகுதியைச் சேர்ந்தவன். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம். அவன் செய்த குற்றம் என்ன? ஆறு பவுண்டு விலையுள்ள சவர பிளேடுகளைத் திருடினான். யாருடைய மோட்டார் காரிலோ கைவைத்தான். அதற்கு 90 நாள் தண்டனை. அதற்கு முன் அவன் ஜெயில் வாசலை மிதித்ததில்லை.

திருட்டு திருட்டுத்தான். அதை நாம் நியாயம் என்று சொல்ல வரவில்லை. கோர்ட்டு 90 நாள் என்று சொன்னது. 90 நாளும் பறிபோவது அவனுடைய சுதந்திரம் மட்டும்தான். அவன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி எந்த நீதிபதியும் உத்தரவு போடவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்கிற சர்க்கார், உள்ளே இருப்பவனின் உயிருக்கும் ஜவாப்தாரி. நம் பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

விடிந்தால் விடுதலை

2000-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, ஜாஹித் இருந்த அறையில் இன்னொரு கைதியைக் கொண்டு வந்து அடைத்தார்கள். அவன் பெயர் ராபர்ட் ஸ்டூவர்ட். வெள்ளைக்கார வாலிபன், ஜாஹித்துக்கு ஏறக்குறைய ஒத்த வயது, மான்செஸ்டர் பக்கத்தைச் சேர்ந்தவன். சிறு வயது முதலே ஜெயிலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தவன். தலையை மொட்டையடித்து, நெற்றியில் சிலுவையும், கல்லறையில் வெட்டுகிற எழுத்துக்களும் பச்சை குத்தியிருந்தான். அந்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதனால் அங்கே போட்டார்கள். வேறு யோசனை எதுவும் யாரும் செய்யவில்லை.

ஆறு வாரம் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். மார்ச் 21-ந் தேதி காலையில் ஜாஹித்துக்கு விடுதலை. விடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த விடியற்காலம் சுமார் மூன்றரை மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்த அவனை ஸ்டூவர்ட் மேஜைக்காலால் தலையில் அடித்து நொறுக்கினான். அந்த அறையிலேயே இருந்த மர மேஜையின் கால் அது. பிறகு அவனே மணியை அழுத்திக் காவலரைக் கூப்பிட்டான். அவனை வேறு அறைக்குக் கொண்டு போனார்கள். அந்த அறையின் சுவரில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தைக் கிறுக்கி வைத்தான். ஜாஹித் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து மார்ச் 28-ந் தேதி இறந்தான்.

அதே ஆண்டு நவம்பரில் ஸ்டூவர்ட்டுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கொன்றவன் பிடிபட்டான், தண்டனையும் அடைந்தான், அத்தோடு விவகாரம் முடிந்தது என்றது சர்க்கார். முடியவில்லை என்றது அந்தக் குடும்பம்.

குடும்பம் கேட்ட கேள்வி

தோழர்களே, ஆலையில் ஒரு தொழிலாளியின் கையை மிஷின் இழுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். நிர்வாகம் உடனே என்ன சொல்லும்? "ஆள் கவனக்குறைவு" என்று சொல்லும். நாம் என்ன கேட்போம்? அந்த மிஷினுக்கு மூடி எங்கே? கழற்றினவர் யார்? எத்தனை மாதமாக மூடியில்லாமல் ஓடுகிறது? மேஸ்திரியிடம் சொன்னோமே, அவர் யாரிடம் சொன்னார்? அவர் எழுதிக் கொடுத்த காகிதம் எந்த மேஜைக்கு அடியில் கிடக்கிறது? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்போம். கை போனது ஒரு நொடியில். ஆனால் அந்த நொடிக்குப் பின்னால் மாதக்கணக்கான அலட்சியம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

ஜாஹித்தின் குடும்பம் கேட்டதும் இதைத்தான். இன வெறி பிடித்தவன் என்று தெரிந்த ஒருவனோடு எங்கள் பிள்ளையை ஏன் அடைத்தீர்கள்? அவனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? எப்போது தெரியும்? தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள்? இதைப் பகிரங்கமாக, எங்கள் முன்னால் விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஜாஹித்தின் சித்தப்பா முறையான இம்தியாஸ் அமீன் இந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார்.

உள்நாட்டு மந்திரி மறுத்துவிட்டார். அவர் தரப்பில் சொன்ன சமாதானம் என்ன? கொலை வழக்கு நடந்துவிட்டது. ஜெயில் இலாகா தன் அதிகாரியைக் கொண்டு உள் விசாரணை நடத்திவிட்டது. இன சமத்துவக் கமிஷனும் விசாரிக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள்.

கொலை வழக்கில் கேட்கப்படுவது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் கொன்றானா இல்லையா என்பது மட்டும்தான். கூண்டுக்கு வெளியே நிற்கும் அதிகாரியைப் பற்றி அங்கே பேச்சில்லை. உள் விசாரணை என்பது இலாகா தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது, கதவுக்குள் நடப்பது. மரண விசாரணை நடத்தும் அதிகாரியும், கொலை வழக்கு முடிந்துவிட்டதென்று தன் விசாரணையைத் திரும்ப எடுக்கவில்லை. ஆக, எல்லா விசாரணையும் நடந்தது போலத் தோன்றும். ஆனால் பெற்றவர்கள் ஒரு கேள்வி கேட்பதற்கு எங்கேயும் இடம் கிடையாது.

குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. 2001 அக்டோபரில் ஹைகோர்ட்டில் ஜெயித்தது. 2002 மார்ச்சில் அப்பீல் கோர்ட்டு அதைக் கவிழ்த்தது. அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. அன்றைக்கு பிரிட்டனில் ஆக உயர்ந்த கோர்ட்டாக இருந்தது பிரபுக்கள் சபை. அங்கே போனார்கள். 2003 அக்டோபர் 16-ந் தேதி அந்த நீதிபதிகள் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். உயிர் வாழும் உரிமை என்று சட்டத்தில் எழுதியிருந்தால், காவலில் ஒருவர் இறக்கும்போது சுதந்திரமான, பகிரங்கமான விசாரணை நடத்துவதும் அந்த உரிமையில் அடங்கும். செத்தவரின் குடும்பத்துக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். எதற்காக விசாரணை? பிரதான நீதிபதி பிங்ஹாம் பிரபு காரணங்களை வரிசைப்படுத்தினார். உண்மை முழுவதும் வெளியே வர வேண்டும். குற்றமுள்ள நடத்தை அம்பலமாக வேண்டும். வேண்டுமென்றே செய்தார்கள் என்ற சந்தேகம் பொய்யானால், அதுவும் தீர வேண்டும். ஆபத்தான பழக்கவழக்கங்கள் திருந்த வேண்டும். தங்கள் பிள்ளையின் சாவிலிருந்து கற்ற பாடம் வேறொரு பிள்ளையைக் காப்பாற்றும் என்ற ஆறுதலாவது பெற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான், 2004 ஏப்ரலில், சர்க்கார் பகிரங்க விசாரணையை அறிவித்தது. நீதிபதி கீத் தலைமை வகித்தார். பிள்ளை செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. கேள்வி கேட்கும் உரிமைக்காகவே நான்கு வருஷம்!

விசாரணையில் வந்த உண்மைகள்

2006 ஜூன் 29-ந் தேதி அறிக்கை வெளியாயிற்று. இரண்டு பெரிய தொகுதிகள். ஜெயில் நிர்வாகத்தின் பல மட்டங்களிலும் 186 தவறுகள் நடந்ததாக அறிக்கை காட்டியது. 88 சிபாரிசுகள் செய்தது. பல அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறை கூறியது.

நூற்று எண்பத்தாறு! ஏரிக்கரை ஓர் இடத்தில் கசிந்தால் மண்வெட்டியோடு ஓடுகிறவர்கள் நாம். இங்கே 186 இடத்தில் கசிந்திருக்கிறது. கரைமேல் நடந்து போனவர்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

ஸ்டூவர்ட் ஜெயிலுக்குப் புதியவன் அல்ல. 1998-ல் வேறொரு ஜெயிலில் அவனுடைய கூட்டாளி இன்னொரு கைதியைக் கொலை செய்தான். அந்த விவகாரத்தில் இவன் பெயரும் அடிபட்டது. 1999-ல் ஒரு மனநல நர்ஸ் இவனைப் பரிசோதித்து, ஆழமான மனக்கோளாறு உள்ளவன் என்று குறிப்பு எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைக் கொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு ஜெயிலிலிருந்து மறு ஜெயிலுக்கு அவன் போனான். அவனோடு அவனுடைய பைலும் போனது. ஆனால் அவனை அறையில் அடைத்த பிளாக்கின் காவலர்கள் கையில் அதிலிருந்த விஷயம் போய்ச் சேரவில்லை. எழுதியவர் எழுதினார், படிக்க வேண்டியவர் படிக்கவில்லை.

அவன் அந்தச் சமயம் எந்தக் குற்றச்சாட்டில் உள்ளே இருந்தான் தெரியுமா? ஒரு பெண்ணுக்கு இன வெறியைக் கக்கி மிரட்டல் கடிதங்கள் எழுதினான் என்ற குற்றச்சாட்டில்! ஜெயிலுக்குள்ளிருந்தும் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினான். அந்த ஜனவரியிலேயே அப்படி ஒரு கடிதம் ஜெயில் ஊழியர் கையில் சிக்கியது. அப்புறமும் அவன் கடிதங்களைக் கவனிக்க ஏற்பாடு இல்லை. தன் கூட இருப்பவனைக் கொல்லக்கூட தயார் என்று பிப்ரவரி மாதக் கடிதம் ஒன்றில் எழுதியிருந்தான். கடிதம் தபாலில் போய்விட்டது. கொலையும் நடந்துவிட்டது.

மேஜைக்கால் எப்படி ஆயுதமாயிற்று? அறைகளை ஒழுங்காகச் சோதித்திருந்தால், உடைந்த சாமான் கண்ணில் பட்டிருக்கும். சோதிப்பதாகக் காகிதத்தில் விதி இருந்தது. ஒழுங்காக நடக்கவில்லை.

பெல்தம் ஜெயில் மோசமான நிலையில் இருக்கிறதென்று யாரும் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். சிறைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் ராம்ஸ்பாதம், கொலைக்கு ஓராண்டு முன்பே, 1999-ல் வெளியான அறிக்கையில் அந்த ஜெயிலைக் கடுமையாகக் கண்டித்தார். ஆள் போதவில்லை, கைதிகள் நிரம்பி வழிகிறார்கள், நிர்வாகம் சரியில்லை. இவ்வளவும் தெரிந்தே ஒரு வருஷம் ஓடியது.

தோழர்களே, 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. ஒவ்வொரு விஷயமும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நர்ஸுக்குத் தெரியும். கடிதம் பார்த்தவருக்குத் தெரியும். ஆய்வாளருக்குத் தெரியும். இவர்களுக்குத் தெரிந்ததை ஒன்றாகச் சேர்த்து, அறைக்கதவைப் பூட்டுகிற காவலரிடம் சொல்லும் ஏற்பாடு மட்டும் இல்லை.

சதி வேண்டியதில்லை, அலட்சியமே போதும்

இங்கே ஒரு விஷயத்தை நாம் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சேவல் சண்டை போல, வெவ்வேறு இனக் கைதிகளைக் காவலர்கள் வேண்டுமென்றே ஒரே அறையில் போட்டுச் சண்டையிட வைத்து வேடிக்கை பார்த்தார்கள், பந்தயமும் கட்டினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. நீதிபதி கீத் அதையும் விசாரித்தார். ஜாஹித்தையும் ஸ்டூவர்ட்டையும் அப்படித் திட்டமிட்டு ஒன்றாக அடைத்ததாகச் சாட்சியம் இல்லை என்று முடிவு சொன்னார்.

சர்க்காருக்கு விரோதமாகப் பேச வேண்டும் என்பதற்காக நாம் இதை மறைக்கலாமா? கூடாது. உண்மையைச் சொல்வதால் நம் வாதம் பலவீனமாகிவிடாது. இன்னும் பலமாகிறது. ஏன்? சதி செய்த நாலு காவலர்கள் இருந்திருந்தால், அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளி, நோய் தீர்ந்தது என்று சொல்லிவிடலாம். இங்கே அப்படி யாரும் இல்லை. காலியாக இருந்த கட்டிலில் ஒருவனைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஓர் ஆசியப் பையனோடு, இனவெறிக் கடிதம் எழுதிப் பிடிபட்டவனை அடைக்கிறோமே என்ற எண்ணம்கூட யாருக்கும் எழவில்லை. அந்தப் பையனின் உயிர் அவ்வளவு மலிவாகத் தோன்றியிருக்கிறது.

இனவெறி என்றால் வாய்விட்டுத் திட்டுவதும் கை ஓங்குவதும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு முகம் உண்டு. 1993-ல் லண்டன் தெருவில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பு வாலிபனை வெள்ளையர் கும்பல் குத்திக் கொன்றது. போலீஸ் விசாரணை படுமோசமாக நடந்தது. அதைப் பற்றி ஆராய்ந்த மக்பர்சன் கமிஷன் 1999 பிப்ரவரியில் தந்த அறிக்கையில், இது தனி மனிதர்களின் கெட்ட குணம் மாத்திரம் அல்ல. நிறத்தையும் இனத்தையும் காரணமாகக் கொண்டு ஒரு ஸ்தாபனமே சிலருக்குச் சரியான சேவை செய்யத் தவறுகிறது என்று சொன்னது. அறிக்கை வந்து சரியாகப் பதிமூன்று மாதத்தில் ஜாஹித்தின் மண்டை உடைந்தது.

பெல்தத்தில் நடந்ததும் அந்த ரகம்தான். ஜெயில் இலாகாவின் சொந்த விசாரணையே அதை ஒப்புக்கொண்டது. சிறுபான்மை இனக் கைதிகள் மட்டுமா? அந்த இனங்களைச் சேர்ந்த ஊழியர்களும் அங்கே வசவுகளைச் சகித்துக்கொண்டு வேலை செய்ததாக அது கண்டது. ஜெயில் இலாகாவின் தலைவராக இருந்த மார்ட்டின் நாரே, இலாகாவில் ஸ்தாபன ரீதியான இனவெறி இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஜாஹித்தின் பெற்றோருக்கு, காப்பாற்றத் தவறிவிட்டோம் என்று மன்னிப்புக் கடிதமும் எழுதினார். 2003-ல் இன சமத்துவக் கமிஷன், ஜெயில் இலாகா சட்டவிரோதமான இனப் பாகுபாடு செய்திருக்கிறது என்று தீர்மானித்தது. நீதிபதி கீத் இன்னும் ஒருபடி மேலே போனார். நிறத்தின் பேரால் மட்டுமல்ல, மதத்தின் பேராலும் ஒரு ஸ்தாபனம் பாகுபாடு காட்டக்கூடும்; அதையும் சர்க்கார் அங்கீகரித்துக் கவனிக்க வேண்டும் என்றார்.

கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் ஒருவன்தான். 186 தவறுகளுக்கு?

பிரித்து அடைப்பது பரிகாரம் ஆகுமா?

வெள்ளையனை வெள்ளையனோடும், கறுப்பனைக் கறுப்பனோடும் அடைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று சிலர் சொல்லலாம். சோம்பேறி நிர்வாகத்துக்கு இது சுலபமான வழி. ஆனால் விசாரணை காட்டிய வழி வேறு. யார் அபாயமானவன் என்று தெரிந்துகொள். பைலைப் படி. ஓர் அறையில் இருவரை அடைக்கும் முன் ஒவ்வொருவரைப் பற்றியும் ஆபத்து உண்டா என்று எடைபோட்டுப் பதிவு செய். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர்களைக் கட்டாயப்படுத்தி ஓர் அறையில் இருவராக அடைக்கும் வழக்கத்தையே ஒழிக்கப் பார். இதுதான் அறிக்கையின் முக்கியமான சிபாரிசு.

இந்த இடத்தில் நம் ஊர் ஞாபகம் வருகிறது அல்லவா? அங்கே நிறம், இங்கே சாதி. நம் நாட்டில் பல மாகாணங்களின் ஜெயில் விதிப் புத்தகங்களில், இன்ன சாதிக் கைதி சமைக்க வேண்டும், இன்ன சாதிக் கைதி கக்கூஸ் கழுவ வேண்டும் என்ற வெட்கக்கேடு சுதந்திரம் கிடைத்து எழுபது வருஷத்துக்கு மேலாகியும் நீடித்தது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் வழக்குத் தொடுத்தார். 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த விதிகளை அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது.

அந்த வழக்கில் நமது பாளையங்கோட்டை ஜெயிலின் பெயரும் அடிபட்டது. அங்கே சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. சண்டை வராமல் தடுக்கவே பிரிக்கிறோம் என்பது நிர்வாகத்தின் வாதம். ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. அதற்காகச் சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழியைக் கையாளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒரே ஆலையில், ஒரே ஷிப்டில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் எல்லாச் சாதியாரும் நின்று வேலை செய்கிறோம். ஒரே வயலில் குனிந்து நாற்று நடுகிறோம். ஜெயில் நிர்வாகத்துக்கு மட்டும் சாதி இல்லாமல் வேலை நடக்காதாம்!

காவலில் மரணம் என்பதும் நமக்குத் தெரியாத விஷயமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்று சொல்லிப் போலீசார் பிடித்துக்கொண்டு போன தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்த நாள் செத்துப் போனார்கள். அன்றைக்கு உண்மை வெளியே வர வழி செய்தது எது? விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டு, தனக்கே ஒத்துழைப்புத் தரவில்லை என்று ஹைகோர்ட்டுக்கு எழுதினார். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் போலீஸ், கண்ணால் கண்டதைச் சொல்லத் துணிந்தார். காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட்டு விசாரிக்க வேண்டும் என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் அமுலில் இருக்கும் புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் சட்டம் புத்தகத்தில் தூங்குகிற வரையில் செத்தவனுக்கு என்ன பிரயோஜனம்? நாம் போய்த் தட்டினால்தான் அது எழுந்திருக்கும்.

அறிக்கை போதுமா?

அந்த அறிக்கையால் நன்மை எதுவும் இல்லையா? உண்டு. இருவரை ஓர் அறையில் போடுவதற்கு முன் ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கும் முறை பிரிட்டிஷ் ஜெயில்களில் வந்தது. காவலில் உயிர் போனால் பகிரங்க விசாரணை கேட்கும் உரிமை அந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றது. ஜாஹித்தின் பெயரில் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டு, சிறைகளில் பாகுபாட்டை எதிர்த்து வேலை செய்கிறது.

ஆனால் மூல நோய் தீர்ந்ததா? ஓர் அறையில் இருவரை அடைப்பது அங்கே ஒழியவில்லை. 2024 செப்டம்பரில், ஜெயில்களில் இடமில்லை என்று சொல்லி, பல கைதிகளைத் தண்டனையில் நூற்றுக்கு 40 பங்கு முடிந்ததுமே விடுதலை செய்யும்படி ஆகிவிட்டது. நெரிசல் இருக்கும் வரை, "எங்கே கட்டில் காலியாக இருக்கிறது?" என்று பார்த்து ஆளைத் தள்ளுகிற அவசரமும் இருக்கும். பணம் செலவழித்து ஆள் போடவும், அறை கட்டவும், ஆறு பவுண்டு பிளேடு திருடியவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் வேறு வழியில் திருத்தவும் மனமில்லாத வரை, சிபாரிசுகள் காகிதத்தில்தான் இருக்கும்.

இதனால் விசாரணையே வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. விசாரணை நடந்திராவிட்டால், ஒரு வெறி பிடித்தவன் கொன்றான், அவனை உள்ளே போட்டோம் என்பதோடு விஷயம் மண்ணோடு போயிருக்கும். 186 தவறுகள் என்று இன்று நாம் எண்ணிச் சொல்ல முடிகிறது என்றால், அந்தக் குடும்பம் ஆறு வருஷம் அசராமல் நின்றதே காரணம். உண்மையைச் சொல்ல வைத்தாகிவிட்டது. சொன்னபடி செய்ய வைப்பது அதற்கடுத்த வேலை. அது சளைக்காமல் நடக்க வேண்டிய வேலை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே! ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் யார்? ஏழைகள். ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள். நம் தெருவிலிருந்து, நம் சேரியிலிருந்து, நம் லைன் வீடுகளிலிருந்து போகிறவர்கள். ஆகவே காவலில் ஒருவர் இறந்தார் என்று செய்தி வந்தால், "அவன் என்ன குற்றம் செய்தானோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது நமக்கு அழகல்ல. அவன் சாதி என்ன, மதம் என்ன என்று விசாரிப்பதும் நம் வேலை அல்ல.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவரை யார் பொறுப்பில் வைத்தார்கள்? அவரோடு யாரை வைத்தார்கள்? உடம்புக்கு முடியாதவர் என்றால் டாக்டர் எப்போது பார்த்தார்? பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? எழுதியதை யார் படித்தார்கள்? மாஜிஸ்திரேட்டு விசாரணை நடக்கிறதா? குடும்பத்தாரை அதில் பேச விடுகிறார்களா? அறிக்கை வெளியே வந்ததா? இந்தக் கேள்விகளோடு செத்தவரின் வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர்கள் நாமாக இருக்க வேண்டும். அந்தத் தாயும் தகப்பனும் கோர்ட்டுப் படிகளைத் தனியாக ஏறக் கூடாது.

பெல்தத்தில் அன்று விடிந்தபோது ஒரு வீட்டில் மகன் வருவான் என்று காத்திருந்தார்கள். மகன் வரவில்லை. வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. எந்த நாட்டில் ஆனாலும், எந்த நிறத்தில் ஆனாலும், எந்தச் சாதியில் ஆனாலும் இன்னொரு வீட்டுக்கு அந்தச் செய்தி போகக் கூடாது. பூட்டுகிற கையிடம் உயிருக்குக் கணக்குக் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம்.